ஹாங்காங் வாடகையும் நூற்று எண்பது நாட்களும்

பணி ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒருமுறை பழைய அலுவலகத்துக்குப் போய் வருகிறேன். போன மாதம் போயிருந்தபோது, என் மேசையில் இப்போது உட்கார்ந்திருக்கும் நித்யா கணினியில் ஒன்றைக் காட்டினாள். வருமான வரி ரிட்டர்ன் தயாரிக்கும் புதிய மென்பொருள். வாடிக்கையாளர் இந்த ஆண்டு எத்தனை நாள் இந்தியாவில் இருந்தார், முந்தைய ஆண்டுகளில் எத்தனை நாள் என்று அடித்தால் போதும். அவர் உள்நாட்டில் வசிப்பவரா, வெளிநாட்டில் வசிப்பவரா, இரண்டுக்கும் இடைப்பட்டவரா என்று அதுவே சொல்லிவிடுகிறது. வெளிநாட்டில் உள்ள வீட்டிலிருந்து வரும் வாடகைக்கு இங்கே வரி உண்டா என்பது அந்த ஒரு பதிலைப் பொறுத்தது.

"அண்ணா, நீங்கெல்லாம் இத கையிலயா எண்ணுனீங்க?" என்று கேட்டாள்.

கையில்தான் எண்ணினோம் என்றேன். அதற்கு மேல் அன்று சொல்ல வரவில்லை. நம் ஆடிட்டர் அலுவலக ஊழியர் சங்கத்தின் மாத இதழுக்கு ஓய்வு பெற்றவர்கள் ஏதாவது எழுத வேண்டும் என்று செயலாளர் இரண்டு முறை கேட்டிருந்தார். நித்யாவிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் முப்பத்திரண்டு ஆண்டு ஒரே ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். பி.காம். முடித்து, தட்டச்சு தெரியும் என்பதால் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று ஆண்டு வவுச்சருக்கு டிக் போட்டேன், மூன்று ஆண்டு பேரேடு பார்த்தேன், பிறகு ரிட்டர்ன். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் பனியன் கம்பெனிக்காரர்கள், சாயப்பட்டறைக்காரர்கள். நான் திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலை எட்டு ஐம்பதுக்கு டவுன் பஸ், ஒன்பது இருபதுக்கு அலுவலகம். கல்லூரிக் காலத்திலிருந்து நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. யார் வந்தார், எத்தனை மணிக்கு, என்ன தாள் கொடுத்தார், எப்போது போனார். ஒரு நாளுக்கு நான்கு வரி. வேலை பார்த்த ஆண்டுகளின் நாட்குறிப்புகள் இருபத்தொன்பது அலமாரியில் ஆண்டு வரிசைப்படி இருக்கின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு உரியவை மழையில் நனைந்து போயின, ஓர் ஆண்டு எழுதவில்லை.

எங்கள் ஆடிட்டரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒல்லியானவர், எப்போதும் வெள்ளைச் சட்டை, குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், என்னையும் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். எந்த ஃபைலிலும் கொண்டுபோன அன்றே கையெழுத்துப் போட மாட்டார். ஒரு ராத்திரி அது அவர் மேசையில் கிடக்க வேண்டும். மறுநாள் காலை கூப்பிடுவார். சந்தேகமான இடத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி இருக்கும். எந்த விதியின்படி இப்படிப் போட்டோம் என்று கேட்பார். நான் சட்டப் புத்தகத்தில் அடையாளத்துக்குச் செருகியிருந்த தாளைப் பிடித்துத் திறந்து படித்துக் காட்டுவேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடித்ததும், "அடுத்த பக்கத்துல என்ன போட்டிருக்குதுங்க?" என்பார்.

பெரும்பாலும் அடுத்த பக்கத்தில் நமக்கு வேண்டியது எதுவும் இருக்காது. ஒருமுறை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். அப்போதும் அதையே கேட்டார். "அட்டைதானுங்க" என்றேன். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கண்ணைத் திறக்காமலே, "அட்டைல எந்த வருசம் போட்டிருக்குது?" என்று கேட்டார். திருப்பிப் பார்த்தேன். போன ஆண்டுப் பதிப்பு. அன்று முழுவதும் எழுதிய தாளை மறுநாள் வரைக்கும் திருத்தினேன்.

வெளிநாட்டில் வசிக்கும் நம்மவர்களின் ஃபைல்கள் எங்களிடம் ஏழோ எட்டோதான் இருந்தன. எல்லாம் என் பொறுப்பு. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டில் ஒருவர் இந்தியாவில் நூற்று எண்பத்திரண்டு நாள் இருந்துவிட்டால் அவர் இங்கே வசிப்பவர். விடுமுறைக்கு வந்துபோகும் நம்மூர்க்காரருக்கு ஒரு நாள் குறைந்தாலும் அவர் வெளிநாட்டில் வசிப்பவர். அங்கே அவருக்கு வரும் வாடகையை இங்கே கேட்க முடியாது. ஆகவே நாளை எண்ண வேண்டும். இதற்காக நானே ஒரு படிவம் வரைந்து வைத்திருந்தேன். நாள் தாள் என்று பெயர். பாஸ்போர்ட்டில் குடியேற்ற அதிகாரி குத்திய முத்திரைகள் வரிசையாக இருக்காது, கிடைத்த பக்கத்தில் குத்துவார்கள். அவற்றைத் தேதிவாரியாக அடுக்கி, வந்த நாள், போன நாள் இரண்டையும் சேர்த்து எண்ணி, மாதவாரியாக எழுதி, கீழிருந்து மேலாக ஒருமுறை கூட்டிப் பார்ப்பேன். மங்கலான முத்திரைக்கு விமான டிக்கெட்டின் அடிக்கட்டையைக் கேட்டு வாங்குவேன். நாள் தாளில் நான் பிசகியதில்லை. அந்தப் பெருமை எனக்கு இருந்தது.

தனராஜ் எங்களிடம் வந்தது இரண்டாயிரத்தின் தொடக்கத்தில். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். இளம் வயதில் திருப்பூருக்கு வந்து கட்டிங் மாஸ்டராக இருந்தவர். எஸ்தர் அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தார். மடித்த பனியன்களை டஜன் டஜனாக எண்ணிக் கட்டுவது அவர் வேலை. கல்யாணம் ஆன சில ஆண்டில் தனராஜ் ஹாங்காங்கில், இங்கிருந்து சரக்கு வாங்கும் ஒரு நிறுவனத்தில் தரம் பார்க்கும் ஆளாகப் போனார். இருபது ஆண்டுக்கு மேல் அங்கேதான். ஆண்டுக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் வருவார். எஸ்தர் அருள்புரத்தில் சொந்த வீட்டில் தன் தங்கையோடு இருந்தார். பிள்ளைகள் இல்லை.

சேமித்ததையெல்லாம் போட்டு ஹாங்காங்கில் ஒரு சிறு ஃப்ளாட் வாங்கியிருந்தார். "காலை நீட்டணும்னா கதவத் தொறக்கணும் அண்ணாச்சி" என்பார். அதில் ஒரு பள்ளி ஆசிரியர் குடும்பத்தைக் குடிவைத்துவிட்டு, தான் நண்பர்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தார். வாடகை அங்கேயே வங்கியில் விழும். அதற்கு அங்கத்து அரசுக்கு வரியும் கட்டிவந்தார். வரிச்சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஆண்டுதோறும் எனக்குக் காட்டுவார். இங்கே அவற்றால் பயன் இல்லை என்று சொன்னாலும் காட்டுவார்.

கடைசி ஆண்டுகளில் அவர் வேலை ஓய்ந்துவிட்டது. ஃப்ளாட்டை நல்ல விலைக்கு விற்றுவிட்டு வந்துவிடலாம் என்று அங்கேயே காத்துக்கொண்டிருந்தார். அப்படி ஓர் ஆண்டு ஏப்ரல் கடைசியில் வந்து பதினேழு நாள் இருந்துவிட்டுப் போனார். செப்டம்பரில் எஸ்தருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. தகவல் தெரிந்ததும், செப்டம்பர் இருபதாம் தேதி தனராஜ் வந்து சேர்ந்தார். வந்தவர் உடனே திரும்பவில்லை.

பிப்ரவரி முதல் வாரத்தில் என்னைப் பார்க்க வந்தார். வங்கி வட்டியில் பிடித்த வரியைத் திரும்ப வாங்குவது பற்றிக் கேட்கத்தான் வந்தார். நான் வழக்கம்போல் பாஸ்போர்ட்டை வாங்கி நாள் தாளைப் போட்டேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார். எஸ்தருக்குப் பேச்சு திரும்பிக்கொண்டிருந்தது. பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் வாரம் இருமுறை வருவார், மற்ற நாளில் இவரே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். தண்ணீர், தட்டு, சன்னல் என்று ஆரம்பித்து இப்போது இரண்டு மூன்று சொல்லைச் சேர்த்துச் சொல்கிறாராம். எண்களைச் சத்தமாகச் சொல்லச் சொல்லி மருத்துவர் கூறியிருந்தார். மற்றதில் தடுமாறுகிறவர் எண்ணுவதில் மட்டும் தடுமாறுவதில்லை என்றார் தனராஜ்.

"நேத்து எங்கிட்ட சண்ட போட்டா அண்ணாச்சி. சாம்பாருல உப்பு இல்லன்னு. முழுசா சொன்னா. அம்புட்டு சந்தோசம் எனக்கு."

நான் கூட்டிக்கொண்டிருந்தேன். ஏப்ரல், மே சேர்த்துப் பதினேழு. செப்டம்பர் இருபதிலிருந்து பிப்ரவரி கடைசி வரை நூற்று அறுபத்திரண்டு. மொத்தம் நூற்று எழுபத்தொன்பது. மார்ச் இரண்டாம் தேதி நூற்று எண்பத்தொன்று ஆகும். மூன்றாம் தேதி விடியும்போது இந்தியாவில் இருந்தால் நூற்று எண்பத்திரண்டு.

தாளை அவர் பக்கம் திருப்பி விளக்கினேன். மூன்றாம் தேதி இங்கே இருந்தால் ஹாங்காங் வாடகை முழுவதையும் இங்கே காட்ட வேண்டும் என்றேன். நூற்றுக்கு முப்பது பழுதுபார்ப்புக்கென்று கழியும். ஹாங்காங்கோடு நமக்கு அப்போது வரி ஒப்பந்தம் இல்லை என்றாலும், அங்கே கட்டிய வரிக்கு ஓரளவு கழிவு உண்டு. மார்ச் முப்பத்தொன்றாம் தேதியின் டாலர் விலையை வங்கியில் கேட்டுத்தான் சரியாகச் சொல்ல முடியும், தோராயமாக முப்பதாயிரத்துச் சொச்சம் வரும் என்றேன். அதோடு நிற்காமல், ஒருமுறை வரிக்குள் வந்துவிட்டால் பழைய ஆண்டுகளைப் பற்றியும் கேள்வி வரலாம் என்றும் சொன்னேன். அது தேவையில்லாத சொல். பயந்துபோனார்.

அந்த வாடகையில்தான் எஸ்தரின் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. பேச்சுப் பயிற்சி, கைகாலுக்குப் பயிற்சி, பகலில் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ். முப்பதாயிரம் என்றால் ஏறக்குறைய மூன்று மாத நர்ஸ் சம்பளம் என்று அவரே மனதில் கணக்குப் போட்டார்.

"போயித்தான் ஆகணுமா அண்ணாச்சி?"

"சட்டமுங்க. மார்ச் முடியற வரைக்கும்தான். ஏப்ரல் ஒண்ணாந்தேதி காலைல வந்து இறங்கிக்கலாம்."

"இப்பத்தான் வார்த்தையக் கோத்துப் பேசுதா."

நான் என்ன சொன்னேன் என்பது நாட்குறிப்பில் இல்லை. நாள் தாளை நகல் எடுத்துக் கொடுத்தேன் என்று மட்டும் இருக்கிறது.

வந்தபோதே எடுத்திருந்த திரும்பும் டிக்கெட்டுக்கு, சென்னையிலிருந்து அவர் பார்த்துவைத்திருந்த விமானம் இரண்டாம் தேதி நள்ளிரவு தாண்டிக் கிளம்புவது. முத்திரை மூன்றாம் தேதியில் விழுந்துவிடக் கூடாதே என்று, ஒன்றாம் தேதியே கிளம்பச் சொன்னேன். ஒரு நாள் கைகாவலாக இருக்கட்டும் என்றேன். அப்படியே கிளம்பினார். நூற்று எண்பது நாள்.

ஆடிட்டரிடம் காட்டினாயா என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் அப்போது கண் அறுவை செய்துகொண்டு கோவையில் மகள் வீட்டில் இருந்தார். தொலைபேசியில் சொன்னேன். நாள் கணக்கு உங்களுக்குத் தெரியாததா, நான் வந்து பார்க்கிறேன் என்றார். ரிட்டர்ன் ஜூலையில்தானே.

மார்ச் பதினான்காம் தேதி எஸ்தர் அம்மாளிடம் ஒரு கையெழுத்து வாங்க அருள்புரம் போனேன். அவர்கள் இருவர் பேரிலும் இருந்த வங்கிக் கணக்கு சம்பந்தமான ஒரு படிவம். வலது கை வராததால் இடது கையால் எழுதப் பழகியிருந்தார். நான்கு எழுத்துக்கு நிறைய நேரம் ஆயிற்று. தங்கை டீ கொண்டுவந்தார். எனக்கு ஒரு வீட்டில் உட்கார்ந்து டீ குடிப்பது அந்தக் காலத்தில் அடிக்கடி நடப்பதல்ல. எஸ்தர் அம்மாள் பேசினார். வாய் ஒருபக்கம் இழுத்தது, ஆனால் புரிந்தது. நானும் ஏதோ சொன்னேன். பஸ் பிடித்து வந்துவிட்டேன்.

பத்தொன்பதாம் தேதி அவருக்கு இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது. தங்கை ஹாங்காங்குக்குப் பேசினார். தனராஜ் எனக்குப் பேசவில்லை, எந்த நாளையும் கேட்கவில்லை. கிடைத்த விமானத்தில் ஏறி இருபத்தொன்றாம் தேதி வந்துவிட்டார். மருத்துவமனையில் நான் போய்ப் பார்த்தபோது தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "கணக்கு கெட்டுப்போச்சு அண்ணாச்சி. வரியக் கட்டிக்கிடுதேன், நீங்க ஒண்ணும் நெனைக்காதிய" என்றார். எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் சொன்னார்.

எஸ்தர் அம்மாள் பிழைத்தார். பேச்சு திரும்பவில்லை. இனி திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கண்ணால் எல்லாம் தெரிந்துகொள்வார், கையைப் பிடித்தால் அழுத்துவார். எண்களும் போய்விட்டன.

ஜூலையில் ரிட்டர்னைத் தயாரித்தேன். மார்ச் இருபத்தொன்று முதல் முப்பத்தொன்று வரை பதினொரு நாள் சேர்த்து நூற்றுத் தொண்ணூற்றொன்று. வசிப்பவர். வாடகையை ரூபாயாக மாற்றினேன், முப்பது கழித்தேன், ஹாங்காங் வரிச்சீட்டுகளை இணைத்தேன். பிளாஸ்டிக் உறை முதல்முறையாகப் பயன்பட்டது. கட்ட வேண்டிய வரி முப்பத்தோராயிரத்து எழுநூற்றுச் சொச்சம். ஆடிட்டர் மேசையில் வைத்தேன்.

மறுநாள் காலை கூப்பிட்டார். புள்ளி நாள் தாளில் இருந்தது. எண்ணிக்கை தப்பா என்று கேட்டேன். இல்லை, எண்ணிக்கை சரி என்றார். வசிப்பவர் என்பதற்கான விதியைப் படிக்கச் சொன்னார். ஆறாம் பிரிவு, முதல் உட்பிரிவு. படித்தேன்.

"அடுத்த பக்கத்துல என்ன போட்டிருக்குதுங்க?"

திருப்பினேன். அதே ஆறாம் பிரிவின் ஆறாவது உட்பிரிவு. ஒருவர் இந்த ஆண்டு இங்கே வசிப்பவராக ஆனாலும், முந்தைய பத்து ஆண்டில் ஒன்பது ஆண்டு வெளிநாட்டில் வசிப்பவராக இருந்திருந்தால், அவர் வழக்கமாக வசிப்பவர் அல்ல. அப்படிப்பட்டவருக்கு வெளிநாட்டில் வரும் வாடகைக்கு இங்கே வரி இல்லை. நீண்ட காலம் வெளியே இருந்துவிட்டுத் திரும்புகிறவர் காலூன்றிக்கொள்ளச் சட்டம் கொடுக்கும் அவகாசம் அது. தனராஜ் இருபது ஆண்டுக்கு மேல் வெளியே இருந்தவர்.

இந்த உட்பிரிவு எனக்குத் தெரியாதது இல்லை. பல ஆண்டுக்கு முன்பு படித்ததுதான். எங்கள் ஃபைல்களில் யாரும் நூற்று எண்பத்திரண்டைத் தாண்டியதில்லை, தாண்டாமல் நானே பார்த்துக்கொண்டேன். அதனால் அந்தப் பக்கத்துக்குப் போக வேண்டி வரவில்லை. எண்ணி முடித்ததும் வேலை முடிந்தது என்றே பழகிவிட்டேன். அவர் அந்த மார்ச் முழுவதும் அருள்புரத்தில் இருந்திருக்கலாம். ஒரு ரூபாய் வரி வந்திருக்காது.

ஆடிட்டர் புத்தகத்தை வாங்கி மூடினார். பிறகு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?" என்று கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன். பிப்ரவரியில் நான் தொலைபேசியில் சொன்னபோதே தாம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். அதை அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

தனராஜ் கையெழுத்துப் போட வந்தார். வரி என்ற இடத்தில் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஒரு விலக்கு இருந்தது என்றேன். "பாத்து செஞ்சிட்டியளே அண்ணாச்சி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் ஒரு குடை கொண்டுவந்து கொடுத்தார், ஹாங்காங்கில் வாங்கியது, பொத்தானை அழுத்தினால் விரியும். வேண்டாம் என்றேன். மேசையில் வைத்துவிட்டுப் போனார். நாட்குறிப்பில் அன்று, "தனராஜ், 11.20, குடை. சொல்லவில்லை" என்று இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் வந்த ஒவ்வொரு நாளிலும் கடைசிச் சொல் அதுதான். அந்த ஆண்டு ஒன்பது முறை வந்தார். பேச ஆளில்லாமல்தான் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். வீட்டில் அவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், பதில் வராது. என் வீட்டிலும் பதில் வராது என்றாலும் நான் அங்கே யாரிடமும் பேசுவதில்லை. ஆடிட்டர் இரண்டாவது முறை கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

மறு ஆண்டு ஜூலையில் மீண்டும் கையெழுத்துக்கு வந்தார். அந்த ஆண்டும் அதே அவகாசம் இருந்தது, மறுபடியும் வரி இல்லை. தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணாச்சி, இந்த வருசம் நான் ஒரு நாளும் வெளிய போகல. முன்னூத்தி அறுவத்தஞ்சும் இங்கதான். இப்பவும் இல்லையா?"

"இல்லைங்க."

"அப்ப அந்த நூத்தி எம்பத்தி ரெண்டு?"

சொன்னேன். புத்தகத்தைத் திறந்து முதல் பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் காட்டினேன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது, நான் பார்க்கவில்லை என்றேன். போன ஜூலையிலேயே தெரியும் என்பதையும் சொன்னேன். அவர் ஆங்கிலத்தில் இருந்த அந்த வரியை விரலை வைத்து மெதுவாகப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"மார்ச் ஒண்ணுல இருந்து பத்தொம்பது வரைக்கும்" என்றார். "அவளுக்குப் பேச்சு இருந்திச்சு."

இரண்டாவது தாக்குதல் எப்படியும் வந்திருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "நடுவுல நீங்க ஊட்டுக்குப் போனியள்லா, கையெழுத்துக்கு. அவ ஏதும் பேசுனாளா?" என்று கேட்டார். ஊர் விட்டு வந்து நாற்பது ஆண்டாகியும் மாறாத அவர் பேச்சில் ஊடு என்கிற எங்கள் ஊர்ச் சொல் மட்டும் எப்படியோ ஒட்டியிருந்தது.

போன ஆண்டு நாட்குறிப்பு மேசை இழுப்பறையில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அவரும் எட்டிப் பார்த்தார். "மார்ச் 14. அருள்புரம். எஸ்தர் அம்மாள், கையெழுத்து, இடது கை. 5.10 முதல் 5.35. டீ. பஸ் 5.50."

இருபத்தைந்து நிமிடம். கையெழுத்துக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும், மீதிப் பதினைந்து நிமிடம் அந்த அம்மாள் என்னோடு பேசியிருக்கிறார். நான் நேரத்தை எழுதி வைத்திருந்தேன். என் வாழ்க்கையில் வேறு எந்தப் பக்கத்தையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. தனராஜ் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

ஒன்று மட்டும் நினைவுக்கு வந்தது. தனராஜ் எப்போது வருவார் என்று எஸ்தர் அம்மாள் கேட்டார் என்றேன். இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது என்று நான் சொன்னேன். எஸ்தர் அம்மாள் இடது கை விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார்.

"எண்ணிட்டு, 'ஒன்றர டஜன்தானே'ன்னு சொன்னாங்க. சிரிச்சாங்க."

தனராஜ் தலையை ஆட்டினார்.

"அவ அப்படித்தான் எண்ணுவா. மளிகைல இருந்து பால் கணக்கு வரைக்கும் டஜன்ல சொல்லுவா" என்றார். பிறகு, "வேற?" என்று கேட்டார்.

வேறு எதுவும் நினைவில்லை. பொய்யாக ஏதாவது சேர்த்துச் சொல்லியிருக்கலாம் என்று பின்னால் தோன்றியது. அப்போது தோன்றவில்லை. இல்லைங்க என்றேன். அவர் காகிதங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, வாசலில் ஒருமுறை நின்று, "வாறேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த ஆண்டு, ஹாங்காங் வாடகைக்கு அவர் இங்கே உண்மையாகவே வரி கட்ட வேண்டிய முதல் ஆண்டு. மே மாதம் பல்லடத்திலிருந்து ஓர் ஆடிட்டரின் கடிதம் வந்தது. திரு. தனராஜின் வரி வேலைகளைத் தாம் ஏற்பதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டிருந்தார். தொழில் மரபுப்படி கேட்க வேண்டிய கடிதம். ஆட்சேபணை இல்லை என்று நானே தட்டச்சு செய்தேன். ஆடிட்டர் அதில் மட்டும் அன்றே கையெழுத்துப் போட்டார். ஃபைலில் இருந்த நாள் தாள்களை அனுப்பத் தேவையில்லை, அவை எங்கள் உள் குறிப்புகள்தான். இருந்தாலும் எல்லாவற்றையும் வைத்து, ஆறாவது உட்பிரிவுள்ள பக்கத்தின் நகலையும் மேலே வைத்து அனுப்பினேன். வேலை செய்யும் தம்பிகளுக்கு, அடுத்த பக்கத்தைப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். அந்த மென்பொருள் அதைப் பார்த்துக்கொள்ளும். அது பார்க்காத ஒன்று இருக்கிறது, அதை நான் வேறு விதமாகச் சரிசெய்ய முயன்றுவருகிறேன்.

தனராஜ் அப்படிக் கேட்டுவிட்டுப் போன ஜூலையிலிருந்து நாட்குறிப்பில் நேரம் எழுதுவதை விட்டுவிட்டேன். யார் என்ன சொன்னார்கள் என்பதை, அவர்கள் சொன்னபடியே எழுதுகிறேன். நான் அலுவலகத்தில் இருந்த வரையில் ஒரு பக்கம் போதாமல் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு பெரும்பாலும் மூன்று நான்கு வரிதான், சில நாள் அதுவும் இல்லை. நேற்றைய பக்கத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது. பால்காரர் சொன்னது: "நாளைக்கு வர மாட்டனுங்க, ரெண்டு நாளைக்குச் சேத்து வாங்கி வெச்சுக்கோங்க."